அடுப்பும் விளக்கும் மீற்றரும்
குறைந்த செலவில் வீட்டு எரிபொருளை மிச்சம் பிடிக்கும் வழிகள்

ஊரில் இருந்த காலத்தில் விறகுக்குக் காசு கொடுத்த குடும்பங்கள் எத்தனை? வேலியோரத்துக் கிளுவையும் பூவரசும் கதியாலுக்கும் உதவின, அடுப்புக்கும் உதவின. பனங்காணியில் மட்டையும் பன்னாடையும் ஊமலும் கிடந்தன. தென்னை நின்ற வளவில் சிரட்டைக்கும் பொச்சுமட்டைக்கும் குறைவில்லை. நெல்லுக் குற்றினால் உமி மிஞ்சியது. அடுப்பு எரிவதற்கு உழைப்பு வேண்டியிருந்ததே தவிர, பணம் வேண்டியிருக்கவில்லை.

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றை அறை, வெள்ளவத்தையில் மாடிக்குப் பின்னால் ஒதுக்கிக் கொடுத்த ஓர் அனெக்ஸ். இங்கே ஒரு கேத்தல் தண்ணீர் கொதிப்பதற்கும் விலை உண்டு. பிள்ளை படிப்பதற்கு எரியும் விளக்குக்கும் விலை உண்டு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்தபடியாகப் பல குடும்பங்களின் கையிலிருந்து போகும் பணம் காஸுக்கும் கரண்டுக்கும் போகும் பணமே. வாடகையைக் குறைக்க நம்மால் முடியாது. அரிசி விலையும் நம் கையில் இல்லை. ஆனால் அடுப்பையும் விளக்கையும் எப்படிப் பாவிப்பது என்பது பெருமளவுக்கு நம் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம். கொழும்பில் வாழ்பவர்களுக்கும், ஊர் திரும்பி மீண்டும் அடுப்பு மூட்டியிருப்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு.

விலை ஏறிய கதை

2021 ஒக்டோபருக்கு முன்னர் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றை 1,500 ரூபாவுக்குள் வாங்கக்கூடியதாக இருந்தது. 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 4,860 ரூபாவாகியது. அந்த விலைக்குக்கூடக் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இரவு பகலாக வரிசையில் நின்றோம். லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் 340 ரூபாவாகியது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியது. அதன் பின்னர் விலைகள் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன. ஆனால் எரிபொருளை மலிவான பொருளாக எண்ணிய காலம் முடிந்துவிட்டது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அடுக்குமாடிகளில் விறகு எரிக்க இடமில்லை, காஸும் இல்லை, கரண்டும் இல்லை. பணமுள்ளவர்களும் திகைத்துப் போனார்கள். அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்த வயதான தாய்மார் பலர் அவ்வளவாகப் பதறவில்லை. "இதைவிடப் பெரிதெல்லாம் பார்த்தாச்சு" என்பதே அவர்களுடைய பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சில் உண்மை உண்டு.

நாம் ஏற்கனவே கற்ற பாடம்

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம் எல்லாம் அருமையாயின. அப்போது பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. சிறிய போத்தல், அதற்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு ஊறும் அளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெயில் சிறு பங்குதான் இதற்குச் செலவு. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்திலே படித்து சாதாரண தரமும் உயர்தரமும் எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். மரத்தூள் அடுப்பும் உமி அடுப்பும் வீடுகளுக்குள் வந்தன.

இந்தச் சிறு விளக்கில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வெளிச்சம் தேவைப்படுவது கொப்பிக்கு, கூரைக்கு அல்ல. விளக்கைப் படிக்கும் இடத்திலிருந்து பாதித் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால், கொப்பியில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகிறது. ஆகவே உயரத்தில் தொங்கும் பெரிய மின்குமிழைவிட, மேசைக்கு அருகில் வைத்த சிறிய மின்குமிழ் பிள்ளைக்குக் கூடுதலாக உதவும்.

ஆனால் போத்தல் விளக்கினால் வந்த துன்பத்தையும் மறக்கக்கூடாது. உயரமான, பாரமில்லாத போத்தல் இலகுவில் சரியும். மூடி இறுக்கமில்லாவிட்டால் எண்ணெய் கொட்டி உடையில் தீ பிடிக்கும். இலங்கையின் எல்லாப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் இப்படி எரிகாயமடைந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். இதைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1990களின் தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். மார்மைற் போத்தலின் குட்டையான வடிவமே அவருக்கு வழி காட்டியது. கட்டையான, பாரமான கண்ணாடி. உருண்டு ஓடாதபடி இரண்டு பக்கம் தட்டை. திருகி இறுக்கும் உலோக மூடி. இவ்வளவுதான். இந்தச் சிறிய காரியத்துக்காக 1998 இல் அவருக்கு உலகப் புகழ்பெற்ற ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சிக்கனம் பாதுகாப்போடு சேர்ந்தே வரவேண்டும் என்பதை அந்த விளக்கு நமக்குச் சொல்கிறது.

மணிக்கூட்டைத் திருப்பிய ஆண்டு

1996 இல் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு நீர்வீழ்ச்சி மின்சாரமாக இருந்தபடியால் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. வன்னியில் பழைய நேரமே தொடர்ந்ததனால், "புதுநேரமா, பழையநேரமா?" என்று கேட்டு பஸ் பிடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

மணிக்கூட்டைத் திருப்பியதன் நோக்கம், சூரியன் மறையுமுன் மக்கள் வேலைகளை முடித்து, மாலை விளக்கைப் பிந்திப் போடச் செய்வதே. மாலை ஆறரை மணி தொடக்கம் இரவு பத்தரை மணி வரை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் இயங்குகின்றன. அந்த நான்கு மணித்தியாலத்துக்காகவே செலவு கூடிய எண்ணெய் எரித்து மின்சாரம் உற்பத்தி செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்திரிக்கை போடுவதையும் தண்ணீர் மோட்டார் இயக்குவதையும் பகலில் வைத்துக்கொண்டால் அது நாட்டுக்கு நாம் செய்யும் உதவி. நமக்கு நேரடியாக வரும் ஆதாயம் மீற்றரில் இருக்கிறது. அதை இனிப் பார்ப்போம்.

மீற்றர் எப்படிக் கணக்கெடுக்கிறது?

ஆயிரம் வாற்றுக் கருவி ஒன்று ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். கருவியின் பின்னால் எத்தனை வாற்று என்று எழுதியிருக்கும். அதை மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் அலகு கிடைக்கும். கணக்குப் பாடம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் முழு வீட்டுக்கும் போட்டுத் தந்துவிடும்.

ஒற்றை அறைக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 வாற்று இழை மின்குமிழ் இரண்டு, தினமும் 5 மணித்தியாலம்: மாதம் 18 அலகு. 60 வாற்று மின்விசிறி, 10 மணித்தியாலம்: 18 அலகு. 500 வாற்று றைஸ் குக்கர், இருவேளைக்குமாக ஒரு மணித்தியாலம்: 15 அலகு. சோறு வெந்த பின்னரும் சூடாக இருக்கட்டும் என்று குக்கரை 10 மணித்தியாலம் அப்படியே விட்டால், 40 வாற்றுப்படி இன்னும் 12 அலகு. 1,000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டி, தினமும் கால் மணித்தியாலம்: 7.5 அலகு. மின்கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 0.1 அலகு, தினமும் 3 லீற்றர் என்றால் 9 அலகு. 50 வாற்றுத் தொலைக்காட்சி, 4 மணித்தியாலம்: 6 அலகு. மொத்தம் 85.5 அலகு.

இனி மாற்றிப் பார்ப்போம். மின்குமிழ் இரண்டையும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழாக மாற்றினால் 18 அலகு 2.7 அலகாகக் குறைகிறது. வெளிச்சமோ குறைவதில்லை. சோறு வெந்ததும் குக்கரின் பிளக்கைக் கழற்றிவிட்டால் 12 அலகும் மிச்சம். ஒரு கிழமைக்குரிய உடுப்பை ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்தில் ஸ்திரிக்கை போட்டால் 7.5 அலகு 4 ஆகிறது; ஒவ்வொரு நாளும் பெட்டியைப் புதிதாகச் சூடாக்கும் செலவு இல்லை. தேவையான அளவு தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து, மிஞ்சியதைச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் 9 அலகை 6 ஆக்கலாம். மின்விசிறியிலும் தொலைக்காட்சியிலும் கைவைக்காமலே மொத்தம் 51.7 அலகுக்கு வந்துவிடுகிறோம். யாரும் இருட்டில் இருக்கவில்லை, யாரும் வியர்க்கவில்லை.

அறுபது என்னும் கோடு

85 இலிருந்து 52 க்கு வந்ததில் 33 அலகின் விலை மாத்திரமா மிச்சம்? இல்லை. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்பவர்களுக்கு முதல் 30 அலகு குறைந்த விலை. அடுத்த 30 அலகு அதைவிடச் சற்றுக் கூட. 60 ஐத் தாண்டிவிட்டால் அந்தக் குறைந்த விலை கைவிட்டுப் போகிறது. முதலாவது அலகிலிருந்தே கூடிய விலையில் கணக்கிடப்படுகிறது. மாதாந்த நிலையான கட்டணமும் உயர்கிறது. அதாவது அறுபத்தோராவது அலகு ஓர் அலகின் விலையோடு நிற்பதில்லை. முழுப் பட்டியலையுமே உயர்த்திவிடுகிறது. விலைகள் அடிக்கடி மாறுகின்றபடியால் உங்களிடமுள்ள கடைசிப் பட்டியலைப் பாருங்கள். மாதம் பாதி கடந்ததும் மீற்றரை ஒரு தடவை வாசித்து, கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களை அதிகம் பாதிக்கும் விடயம் இங்கேதான் இருக்கிறது. கொழும்பில் பல வீடுகளில் மூன்று நான்கு குடும்பங்களுக்கு ஒரே மீற்றர். மூன்று குடும்பங்கள் ஆளுக்கு 50 அலகு பாவித்தால், தனித்தனி மீற்றரில் மூன்றும் மலிவான படியில் நின்றிருக்கும். ஒரே மீற்றரில் அது 150 அலகு. மூன்று சிக்கனக் குடும்பங்களும் ஒரு வசதியான வீட்டுக்குரிய விலையைக் கட்டுகின்றன. சில இடங்களில் "பல்பு ஒன்றுக்கு இவ்வளவு, ஃபேன் ஒன்றுக்கு இவ்வளவு" என்று மாதாமாதம் நிலையான தொகை அறவிடுகிறார்கள். அங்கே நீங்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது உங்கள் கைக்கு வராது.

இதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டுக்காரருடன் சண்டை பிடிக்காமல், மற்றக் குடும்பங்களும் சேர்ந்து, மாதப் பட்டியலைக் காட்டும்படி கேளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறிய துணை மீற்றர் பூட்டலாமா என்று பேசுங்கள். செலவைப் பங்கிட்டால் பெரிய தொகையாக வராது. அதைத் தகுதியுள்ள மின்னியலாளரே பூட்ட வேண்டும். துணை மீற்றர் மலிவான படியைத் திருப்பித் தராது. ஆனால் அவரவர் பாவித்ததற்கு அவரவர் கட்டுவார்கள்; சிக்கனம் பிடித்தவருக்கு அதன் பலன் கிடைக்கும். புதிதாக அறை எடுக்கும்போது வாடகையை மாத்திரம் கேட்காமல், கரண்டுக்கு எப்படிக் கணக்கு என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குசினியில் மிச்சம்

அடுப்பு எதுவானாலும் சில விதிகள் பொது. சட்டிக்கு மூடி வேண்டும். மூடாத சட்டியில் வெப்பம் ஆவியோடு போய்விடும். நெருப்பு சட்டியின் அடியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. எட்டிப் பார்க்கும் சுவாலை காற்றைத்தான் சூடாக்குகிறது. தண்ணீர் கொதித்த பின் நெருப்பைக் குறையுங்கள். கொதிக்கும் தண்ணீர், பலமாகக் கொதித்தாலும் மெதுவாகக் கொதித்தாலும் ஒரே சூடுதான். கறி அதனால் விரைவாக வேகப்போவதில்லை. கடலை, பயறு, கௌபீ போன்றவற்றை இரவே ஊறவிடுங்கள். குத்தரிசியையும் அரை மணித்தியாலமாவது ஊறவிட்டால் வேகும் நேரம் குறையும். காஸ் அடுப்பின் சுவாலை நீலமாக இருக்கவேண்டும். மஞ்சளாக எரிந்து சட்டி கரிபிடித்தால் எரிவாய்த் துளைகளைத் துப்புரவாக்க வேண்டும்.

இன்னொரு வழி நெல் விளைந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு விருப்பமாக இருக்கும். அது வைக்கோல் பெட்டி. சோற்றுப் பானையை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, ஐந்து பத்து நிமிடத்தின் பின் மூடியோடு இறக்கி, நாலா பக்கமும் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து, மேலேயும் வைக்கோல் தலையணையால் மூடிவிட வேண்டும். உள்ளே அடைபட்ட சூட்டிலேயே ஒரு மணித்தியாலத்தில் சோறு வெந்துவிடும். அடுப்பு எரியும் நேரம் பாதிக்கு மேல் குறையும். அடிப்பிடிக்கும் பயமும் இல்லை.

கொழும்பில் வைக்கோலுக்கு எங்கே போவது? மீன்கடையில் கழித்துவிடும் ரெஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே பழைய துணியும் கசக்கிய பத்திரிகைத் தாளும் அடைத்தால் அதே வேலையைச் செய்யும். பானைக்கும் ரெஜிபோமுக்கும் இடையில் கட்டாயம் துணி இருக்க வேண்டும். நேரே சுடுபானை பட்டால் அது உருகும். பானை முக்கால்வாசியாவது நிரம்பியிருப்பது நல்லது. கொஞ்சச் சோற்றுக்குச் சூடு போதாது. வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விடுங்கள், ஆவியாகப் போவது குறைவு. இறைச்சி, மீன் கறிகளை இப்படி வைத்தால் சாப்பிடுமுன் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். எந்த உணவையும் இளஞ்சூட்டில் பல மணித்தியாலம் விட்டுவைக்கக் கூடாது, பழுதாகிவிடும்.

விறகு எரிப்பவர்களுக்கு: அனகி அடுப்பு

ஊர் திரும்பியவர்களுக்கும், கொழும்பிலே சிறு முற்றமாவது உள்ளவர்களுக்கும் விறகு இன்னமும் துணைதான். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி நாலாபக்கமும் போய்விடுகிறது. இதைத் திருத்துவதற்கு இலங்கையில் 1970களின் இறுதியிலிருந்தே சர்வோதய இயக்கமும் இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவும் முயன்றன. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1980களில் உருவானதே அனகி அடுப்பு. சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது என்று பொருள். குயவர்கள் களிமண்ணில் ஒரே துண்டாக வனைந்து சூளையில் சுடும் அடுப்பு அது. ஒரு வாயால் விறகு. மேலே இரண்டு பானைக்கு இடம். முதற் பானையைச் சூடாக்கிய நெருப்பின் மிச்சம் வீணாகாமல் இரண்டாவது பானையைச் சூடாக்குகிறது. ஒன்றில் சோறு, மற்றதில் கறி. சரியாகக் கையாண்டால் விறகில் மூன்றிலொரு பங்கு வரை மிச்சம் பிடிக்கலாம். சமைக்கும் நேரமும் குறையும். அடுப்பு நாட்டின் பல ஊர்ச் சந்தைகளுக்கும் பரவியது. அதைக் கொண்டு பிழைப்பு நடத்தும் குயவர் குடும்பங்களும் உண்டாயின.

வாங்கிய அடுப்பை அப்படியே வைத்து எரித்தால் ஓராண்டிலே வெடித்துவிடக்கூடும். களிமண், சாணி, நறுக்கிய வைக்கோல் அல்லது உமி சேர்த்துக் குழைத்து, வெளிப்புறம் சுற்றித் தடிப்பாக அப்பி, சில நாள் நிழலில் காயவிட்டு எரியுங்கள். பல ஆண்டு உழைக்கும். சூட்டையும் உள்ளே பிடித்து வைக்கும். வீடு மெழுகிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையல்ல.

விறகு காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு தன்னிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பங்கைச் செலவழிக்கும், புகையும் கக்கும். பெருவிரல் தடிப்புக்குப் பிளந்து, முனையை மட்டும் நெருப்பில் வைத்து, எரிய எரியத் தள்ளுங்கள். சமையல் முடிந்ததும் கொள்ளியை இழுத்து அணைத்துவிடுங்கள்.

உயிருக்கு மேல் சிக்கனம் இல்லை

சில காரியங்களை மிச்சத்துக்காகச் செய்யவே கூடாது. பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு, உமி அடுப்பு எரிக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும். விறகுப் புகை அடுப்படியில் நிற்கும் தாயின் நெஞ்சையும் இடுப்பிலிருக்கும் குழந்தையின் நெஞ்சையும் பழுதாக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது அடுப்பை வெளியே வையுங்கள். காஸ் குழாயில் வெடிப்பிருந்தால் ஒட்டுப்போட்டுப் பாவிக்காமல் புதிதாக மாற்றுங்கள். சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்கக் கூடாது. 2021 இன் இறுதியில் நாட்டின் பல வீடுகளில் காஸ் வெடித்து ஏற்பட்ட இழப்புகளை மறக்கலாகாது. ஒரே பிளக்கில் பல வயர்களைச் செருகி இழுப்பதும், மீற்றருக்குத் தெரியாமல் கம்பி கொளுவுவதும் மிச்சமல்ல. தீயை விலைக்கு வாங்குவதாகும்.

இந்தக் கிழமையே தொடங்கலாம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. காசு செலவில்லாதவற்றில் தொடங்குங்கள்:

1. சட்டிக்கு மூடி, கொதித்ததும் நெருப்பைக் குறைத்தல்.
2. கடலை, பயறு, அரிசியை முன்கூட்டியே ஊறவிடுதல்.
3. சோறு வெந்ததும் குக்கரின் பிளக்கைக் கழற்றுதல்.
4. கிழமைக்கு ஒரு தடவை மட்டும் ஸ்திரிக்கை.
5. ஞாயிற்றுக்கிழமை தோறும் மீற்றரை வாசித்து ஒரு கொப்பியில் எழுதுதல்.

கையில் சிறிது காசு சேர்ந்ததும், கூடிய நேரம் எரியும் மின்குமிழை முதலில் மாற்றுங்கள். பிறகு சமையற் பெட்டி. வளவு உள்ளவர்களுக்கு அனகி அடுப்பு.

மீற்றர் வாசிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டிலே ஃபேனையும் விளக்கையும் நிறுத்த மறப்பவர் யார் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். மாத முடிவில் மிஞ்சும் காசை வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் தனியாக ஓர் உண்டியலில் போடுங்கள். சில நூறு ரூபாவாக இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அடுத்த தவணைக்குரிய கொப்பிகளையும் சப்பாத்தையும் அந்த உண்டியலிலிருந்தே வாங்கலாம்.